தேற்றான்கொட்டையும் கண் நரம்பும்

தாய்மார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். ராத்திரி தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உள்பக்கம் தேற்றான்கொட்டையை உரசி வைப்போம், சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். அதே கொட்டையைத் தேனில் இழைத்துக் கண்ணில் போடுவதும் பழைய வைத்தியத்தில் உண்டு. சரி, கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கும் அதையே போடலாமா? கூடாது.

கிளாக்கோமாவில் கெடுவது கண்ணின் பின்பக்கம். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நரம்பு செல்லிலிருந்து நீண்டு போவது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால், சிலருக்கு ஏறாமலேகூட, அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்தது திரும்ப வராது. பெரும்பாலும் வலியும் இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். எதிரே கரை தெரியும், பக்கவாட்டில் வருகிற வத்தைப் படகு தெரியாது, வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம்.

விதையை நான் குறைத்துப் பேசவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காலபார் என்றொரு விஷ அவரை. ஒருவன் குற்றவாளியா என்று பார்க்க அதைத் தின்னக் கொடுப்பார்களாம். அதிலிருந்து 1864-இல் பிரித்தெடுத்த பைசோஸ்டிக்மினைத்தான் லூட்விக் லாக்குவர் என்ற கண் மருத்துவர் 1876-இல் கிளாக்கோமாவுக்குக் கொடுத்தார். அவருக்கே அந்த நோய் இருந்தது! அழுத்தத்தைக் குறைத்த மருந்து அது, ஆனால் சுத்தமாகப் பிரித்து, அளந்து கொடுத்தது. இப்போது திராட்சை விதை, கருஞ்சீரகம் இவற்றில் உள்ள பொருட்கள் நரம்பு செல்களையே காக்குமா என்று பார்க்கிறார்கள், எலிகளில் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் மனிதக் கண்ணில் நிரூபணமான விதை மருந்து இன்னும் வரவில்லை.

கண்ணில் விடுகிற சொட்டில் 100-க்கு 5 பங்குகூட உள்ளே போகாது, விழித்திரை வரை போவது அதிலும் சொற்பம். வீட்டில் இழைத்ததில் கிருமி இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். டாக்டர் கொடுத்த சொட்டை, இதை நம்பி ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.

அப்புறம் ஒன்று. கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறீர்களே, அதில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். வீட்டில் கிடக்கும் பாட்டிலைக் கையோடு கண் முகாமுக்கு எடுத்து வாருங்கள். 40 வயது தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறவர்களும், கண்ணாடி எழுதி வாங்கியதும் கிளம்பிவிடாமல், அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.