யாரு முதல்ல வாளை உருவுறது? ரோகுகான் உலகத்தோட டூயல் கதை

வணக்கம் மக்களே. ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடுற எங்க ரோல்பிளே கேம் டேபிள்ல ஒரு வாள் சண்டை நடந்துச்சு, மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம், அதுல வாளை உருவுனது கடைசி அரை நிமிஷம்தான். மிச்ச நேரம் பூரா என் கேரக்டரும் ஃப்ரெண்டோட கேரக்டரும் ஒரு கோவில் முற்றத்துல எதிரெதிரா நின்னு மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க, பக்கத்துல உக்காந்திருந்த மத்த ரெண்டு பேரும் சிப்ஸ் பாக்கெட்டைக்கூட பிரிக்கல, சத்தம் வரும்னு. டிராகனை வெட்டுற கேம்லாம் நிறைய ஆடிருக்கேன், ஆனா யாருமே அசையாத ஒரு சீனுக்கு இப்டி நெஞ்சு அடிச்சுக்கிட்டது அதுதான் முதல் தடவ.

அந்த கேம் பேரு லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ், அது நடக்குற உலகம் ரோகுகான். 1995ல அமெரிக்காவுல ஆல்டெராக்னு ஒரு கம்பெனி கார்டு கேமா ஆரம்பிச்சது, 1997ல ரோல்பிளேயிங் கேமா வந்துச்சு, அப்புறம் எடிஷன் மேல எடிஷன், 2015ல ஃபேன்டஸி ஃப்ளைட்னு இன்னொரு கம்பெனி கைக்கு மாறி, 2018ல அஞ்சாவது எடிஷன் வந்துச்சு. பழைய ஜப்பானை எடுத்து, கொஞ்சம் சீனா கொரியா வாசனையும் சேத்து, பேய் பிசாசு மந்திரம் எல்லாம் தூவி செஞ்ச உலகம் இது. உண்மையான ஜப்பான்னு நினைச்சு உள்ள போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க, இது ஜப்பான் மாதிரி ஒரு கனவு, அவ்ளோதான்.

சரி, டூயலுக்கு, அதாவது ஒத்தைக்கு ஒத்தை சண்டைக்கு வருவோம். அங்க டூயல்னு சொல்றது இயாஜுட்சு. இது கேம்காரங்க கண்டுபிடிச்சது இல்ல, நிஜமாவே ஜப்பான்ல இருக்குற கலை, உறைல இருக்குற வாளை உருவுற அதே அசைவுலயே வெட்டுறது. உருவிட்டு, ஓங்கிட்டு, அப்புறம் வெட்டுறதுன்னு மூணு வேலை கிடையாது, எல்லாமே ஒரே வேலை.

இது எப்டி முடியுதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாத்துடலாம், ஏன்னா இது புரிஞ்சாதான் மத்தது புரியும். காதானாவை, அதாவது சாமுராயோட நீள வாளை, இடுப்புப் பட்டைல சொருகுறப்ப கூரான பக்கம் வானத்தைப் பாத்து இருக்கும். அதுக்கு முந்தி குதிரை வீரங்க வச்சிருந்த தாச்சிங்குற வாள் கூர் கீழ இருக்குற மாதிரி தொங்கும், அதை உருவுனா திருப்பித்தான் வெட்டணும். காதானால அந்தத் திருப்பலே இல்ல. இடது கை உறையோட வாய்ப்பக்கத்தைப் புடிச்சிருக்கும், கட்டைவிரல் மட்டும் அந்த வட்டத் தகடை லேசா முன்னாடி தள்ளும், ஒரு விரல் அகலம் வாள் வெளிய வரும், அவ்ளோதான், உறையோட பிடி விட்டுடுச்சு. இப்ப வலது கை கைப்பிடியைப் புடிச்சு முன்னாடி இழுக்குறப்பவே இடது கை உறையைப் பின்னாடி இழுக்கும், ரெண்டு கையும் எதிரெதிர் பக்கம் போறதால வாள் பாதி நேரத்துலயே வெளிய வந்து, வந்த வேகத்துலயே எதிராளி மேல விழும். அந்தக் கட்டைவிரல் தள்ளுதே, அதைத்தான் எதிர்ல நிக்குறவன் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு இருப்பான்.

(ஸ்க்ரீன்ல: கட்டைவிரல் க்ளோசப், ஸ்லோ மோஷன்)

ரோகுகான்ல இந்தக் கலையோட முதலாளிங்க கிரேன் கிளான், அதாவது கொக்கு கொடி வச்சிருக்குற கூட்டம், அதுலயும் ககிதா குடும்பம். கதைப்படி வானத்துல இருந்து விழுந்த தெய்வப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் ஹான்டெய், அவர்தான் முதல் சக்கரவர்த்தி. தன்னோட தளபதியா யாரை வைக்கிறதுன்னு ஒரு போட்டி வைக்கிறாங்க, அதுல ககிதான்னு ஒரு சாதாரண மனுஷன் ஜெயிச்சு முதல் எமரால்டு சாம்பியன் ஆகுறான், அந்தப் பதவிக்குப் பேரு அதுதான். அப்புறம் சக்கரவர்த்தியோட தங்கச்சி தோஜியையே கல்யாணமும் பண்றான், அதுக்கு அந்தம்மா மூணு நடக்காத காரியத்தைச் செய்யச் சொல்லி அலைய விட்டுச்சு, அது தனிக்கதை. இந்த ககிதா எழுதுன புத்தகத்துக்கு பேரே "வாள்"னுதான். ஒரே வெட்டு, அதுலயே முடிச்சிடணும், ரெண்டாவது வெட்டு தேவைப்பட்டா நீ முதல் வெட்டுக்குத் தயாராவே இல்லைன்னு அர்த்தம்ங்குறதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தோட மொத்த சரக்கு. சுமாங்குற ஊர்ல அவங்களோட டூயல் அகாடமி இருக்கு, வயசுக்கு வர்ற சாமுராய் பசங்களுக்கான டோபாஸ் சாம்பியன்ஷிப்பும் அங்கதான் நடக்கும்.

எதிர்ப்பக்கம் டிராகன் கிளான். மலைல உக்காந்துக்கிட்டு புதிர் போட்டுக்கிட்டே இருக்குற கூட்டம். அதுல மிருமோட்டோ குடும்பம். அவங்க கேக்குற கேள்வி ரொம்ப சிம்பிள், இடுப்புல ரெண்டு வாள் சொருகிருக்கியே, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணு, அப்புறம் எதுக்கு ஒண்ணை மட்டும் எடுத்து சண்டை போடுற, இன்னொரு கை என்ன வேடிக்கை பாக்கவா இருக்கு? காதானா ஒரு கைல, வாகிசாஷி இன்னொரு கைல. இந்த ஸ்டைலுக்கு நிதென்னு பேரு, மிருமோட்டோ எழுதுன புத்தகத்துக்கும் அதே பேருதான்.

இங்க நிஜ வரலாறு அப்டியே எட்டிப் பாக்குது. 1645ல செத்துப்போன மியாமோட்டோ முசாஷிங்குற நிஜ ஜப்பான் வாள்வீரர் ஆரம்பிச்ச ரெண்டு வாள் பள்ளிக்கூடத்தோட பேரு நிதென் இச்சி ர்யூ. அவர் கடைசி காலத்துல எழுதுனது அஞ்சு வளையங்களின் புத்தகம், நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமைன்னு அஞ்சு பாகம். கேமோட பேரு எங்க இருந்து வந்துச்சு, அதுல கேரக்டரோட குணத்தை அளக்குற அஞ்சு வளையம் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும். ஆனா எனக்குப் புடிச்சது என்னன்னா, முசாஷியை அப்டியே ஹீரோவாக்கி உக்கார வைக்காம, அவரோட கருத்தை ஒரு கிளானுக்குக் குடுத்து, அதுக்கு நேர் எதிர் கருத்தை இன்னொரு கிளானுக்குக் குடுத்து, ரெண்டையும் ஆயிரம் வருஷம் அடிச்சுக்க விட்டாங்க பாருங்க, அங்கதான் டிசைனருங்க மூளை வேலை செஞ்சிருக்கு. ஒரே உறைல ரெண்டு கத்தி இருக்காதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, அதான்.

மத்த கிளானுங்களை வேகமா பாத்துடலாம். லயன் கூட்டத்துக்கு போர்தான் முக்கியம், ஒத்தைக்கு ஒத்தை அழகு காட்டுறதெல்லாம் கொக்குக்காரன் சீன் போடுறதுன்னு நினைப்பு. ஸ்கார்ப்பியன்காரன் ஏமாத்து அடி, வேணும்னா கத்தி முனைல விஷம். யூனிகார்ன் எண்ணூறு வருஷம் வெளிநாடு சுத்திட்டு குதிரையோட திரும்பி வந்தவங்க. கிராப் கூட்டம் தெக்கு எல்லைல சுவர் கட்டி அரக்கனுங்களைத் தடுத்துக்கிட்டு இருக்கு, அவங்களுக்கு வாளை விட பெரிய இரும்புத் தடிதான் தோஸ்து, மொறச்சுப் பாக்குற வேலைக்கெல்லாம் அவங்களுக்கு டைம் இல்ல.

இப்ப ரூல்ஸ். தூங்கிடாதீங்க, உண்மையான அழகே இதுலதான். ஆரம்பத்துல கார்டு கேம்லயே டூயல் இருந்துச்சு, கைல இருக்குற கார்டுகளோட மூலைல ஒரு ஃபோகஸ் நம்பர் இருக்கும், மாத்தி மாத்தி கவுத்து வைப்பாங்க, போதும்னு தோணுறவன் "ஸ்ட்ரைக்"னு சொல்லுவான், அப்ப திறந்து பாப்பாங்க. கிட்டத்தட்ட சீட்டாட்டம்தான். ரோல்பிளே முதல் எடிஷன்லயும் இதே வாசனை, ஒவ்வொருத்தரும் "ஃபோகஸ்"னு சொல்லச் சொல்ல அடிக்க வேண்டிய நம்பர் அஞ்சஞ்சா ஏறிக்கிட்டே போகும். காத்திருக்கக் காத்திருக்க அடி கஷ்டமாகும், ஆனா விழுந்தா ஆழமா விழும்.

2010ல வந்த நாலாவது எடிஷன்தான் நாங்க அன்னைக்கு ஆடுனது. அதுல மூணு படி. முதல்ல அசெஸ்மென்ட், எதிராளியைக் கண்ணால அளக்குறது, இதுல ஜெயிச்சா அவனோட திறமை நம்பர்ல ஒண்ணை கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துறவரு, உங்க காதுல சொல்லணும். இவன் நம்மள விடப் பெரிய ஆளுன்னு தெரிஞ்சா அந்த இடத்துலயே தோல்வியை ஒத்துக்கிட்டு விலகலாம், அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஃபோகஸ், ரெண்டு பேரும் பத்து முக டைஸை உருட்டணும், பத்து விழுந்தா திரும்ப உருட்டிக் கூட்டிக்கலாம். இதுல யாரு அஞ்சோ அதுக்கு மேலயோ கூட எடுக்குறாங்களோ அவங்கதான் முதல்ல வெட்டுவாங்க. மூணாவது ஸ்ட்ரைக். பெரும்பாலும் முதல்ல வெட்டுனவன்கிட்டயே கதை முடிஞ்சிடும். அஞ்சு வித்தியாசம் யாருக்குமே வரலன்னா? அதுக்கு கார்மிக் ஸ்ட்ரைக்னு பேரு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெட்டிக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அஞ்சாவது எடிஷன்ல வேற மாதிரி யோசிச்சிருக்காங்க, எனக்கு இதுதான் இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமா தெரியுது, எங்க குரூப்ல பாதிப்பேரு ஒத்துக்க மாட்டாங்க. இதுல டைஸ்ல நம்பரே இல்ல, படங்கள்தான், அதுல ஒரு படம் ஸ்ட்ரைஃப், அதாவது மனசுக்குள்ள ஏறுற பதட்டம். நல்லா உருட்டுனாலும் கூடவே இதுவும் வந்து ஒட்டிக்கும். டூயல்ல ரவுண்டு ஏற ஏற ஸ்ட்ரைஃபும் தானா ஏறும், சும்மா நின்னாலும் ஏறும். உங்க பொறுமையோட அளவைத் தாண்டிடுச்சுன்னா உங்க முகத்துல ஒரு நொடி ஏதோ ஒண்ணு தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், எதிராளிக்கு உடனே ஒரு கொலை வெட்டு ஃப்ரீ. அந்த அஞ்சு வளையத்துல நெருப்போட நிலைல நின்னு சண்டை போட்டா அந்தக் கோபமே உங்க அடிக்குப் பலம் குடுக்கும், ஆனா அளவு சீக்கிரம் நிறையும். வெறுமை நிலைல நின்னா டைஸ்ல வர்ற பதட்டம் உங்களைத் தொடாது, அதுக்குன்னு பெருசா வேற லாபமும் இல்ல. பதறாத காரியம் சிதறாதுன்னு பாட்டி சொன்னதை ரூல்ஸாவே எழுதி வச்சிருக்கானுங்க.

இன்னொரு விஷயம், ரோகுகான்ல கோபம் வந்தா உடனே டூயல் போட முடியாது. உன் பிரபுகிட்ட அனுமதி வாங்கணும், அதுவும் சாகுற வரைக்கும்னா கண்டிப்பா வாங்கணும், ஏன்னா உன் உயிர் உன்னோடது இல்ல, அவரோட சொத்து. முதல் ரத்தம் வரைக்குமா, சாவு வரைக்குமான்னு முன்னாடியே பேசி முடிச்சுக்கணும். அவமானப்பட்டவர் ஒரு கவிஞரோ வயசானவரோ இருந்தா அவருக்குப் பதிலா சாம்பியன் ஒருத்தர் நிக்கலாம், ககிதா ஆளுங்க பாதிப்பேருக்குப் பொழப்பே அதான். அதனால கொக்குக்காரன் வீட்டு விருந்துல வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அவன் பின்னாடி யாரு நிக்குறான்னு பாத்துட்டு திறங்க.

இதைவிடப் பெரிய கூத்து கோர்ட்ல. அங்க தடயம் கைரேகை எல்லாம் சாட்சி இல்ல, பெரிய மனுஷன் சொன்ன வார்த்தைதான் சாட்சி. உன் மேல குத்தம் சொல்லிட்டாங்கன்னா டூயல் கேட்டு, ஜெயிச்சு, நிரபராதின்னு நிரூபிக்கலாம், பொய் சொல்றவன் கையை வானம் நடுங்க வச்சிடும்னு நம்பிக்கை. நல்ல வாள்காரன் திருடுனா என்ன பண்றதுன்னு கேக்குறீங்களா? டிராகன் கிளான்ல கிட்சுகின்னு ஒரு குடும்பம் அதைத்தான் கேட்டுச்சு, ரத்தக்கறையைப் பாரு, காலடித் தடத்தைப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, மத்தவங்க அதைப் பாத்து மூக்கைப் பொத்திக்குறாங்க. ரெண்டு வாள் பள்ளிக்கூடமும் துப்பறியுற குடும்பமும் ஒரே கிளான்ல இருக்குறது தற்செயல்னு நான் நம்பல.

சரி, எங்க முற்றத்துக்கு வருவோம். என்னோடது ககிதா, ஃப்ரெண்டோடது மிருமோட்டோ. ஒரு பிரபுவோட கடிதம் காணாம போச்சு, நான் அவன் எடுத்தான்னு சொன்னேன், அவன் நான் பொய் சொல்றேன்னு சொன்னான், முதல் ரத்தம் வரைக்கும் டூயல். அசெஸ்மென்ட்ல அவனோட இயாஜுட்சு நம்பரை வாங்கிட்டேன், என்னோடதை விட ஒண்ணு கம்மி. அப்பவே மனசுக்குள்ள ஜெயிச்சுட்டேன். ஃபோகஸ் உருட்டுனேன், 31. அவன் டீ டம்ளரைக் கீழ வச்சான், டைஸை எடுத்து வரிசையா அடுக்குனான், மெதுவா ஒரு தடவ ஊதுனான், உருட்டுனான். 28.

மூணுதான் வித்தியாசம். கார்மிக் ஸ்ட்ரைக். ரெண்டு பேருக்கும் ஒரே நொடில ரத்தம், என் தோள்ல, அவன் விலால. கேம் மாஸ்டர் கொஞ்ச நேரம் எதுவுமே பேசல, அப்புறம் மாஜிஸ்ட்ரேட் குரல்ல சொன்னாரு, வானம் தீர்ப்பு சொல்லல, கடிதமும் கிடைக்கல, ரெண்டு பிரபுக்களுக்கும் அவமானம்தான் மிச்சம், அதனால ரெண்டு பேரும் தலையை மொட்டையடிச்சுக்கிட்டு மடத்துக்குக் கிளம்புங்கன்னு. ரோகுகான்ல இது மரியாதையான ரிட்டயர்மென்ட், ஆனா எங்களுக்குக் கேரக்டர் போச்சு, எட்டு மாசம் வளத்த கேரக்டர்.

அடுத்த வாரம் புது கேரக்டர் ஷீட்டோட வந்தோம். நான் மிருமோட்டோ எடுத்திருந்தேன், பழிக்குப் பழி, இப்ப அவன் ககிதாவா வரட்டும்னு. அவன் ஷீட்டை எட்டிப் பாத்தேன். கிராப் கிளான், கைல இரும்புத் தடி, இயாஜுட்சுன்னு இருக்குற இடத்துல பெருசா ஒரு முட்டை.