தாளில் விழுந்த மெல்லிய கோடு

நேயர்களுக்கு வணக்கம். வேறு எதற்காகவோ எடுத்த இரத்தப் பரிசோதனையில், வயது முதிர்ந்தவர்கள் சிலருக்கு எதிர்பாராமல் தலைகாட்டும் ஒரு புரதத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஆய்வகத்தில் கழித்த ஆண்டுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் புரதம்தான்.

கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களைச் சுரப்பவை எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள். ஒவ்வொரு செல் குலமும் தனக்கென ஒரு வகை எதிர்ப்பொருளையே சுரக்கும் என்பதால், நலமான உடலில் அவை பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தின் இரைச்சல் போலக் கலந்தே இருக்கும். சிலருக்கு ஒரே ஒரு குலம் மட்டும் பெருகி, ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்பச் சுரக்கிறது. இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் ஒரே சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அதை நான் முதன்முதலில் கண்ட நாள் நினைவிருக்கிறது. இரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் என்னும் சோதனையில், புகை படிந்தாற்போல் மங்கலாகத் தெரிய வேண்டிய இடத்தில், பேனாவால் இழுத்தது போன்ற ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. அந்த இரத்தத்துக்கு உரியவர் எழுபதைக் கடந்த பெரியவர். எந்தத் தொந்தரவும் இல்லாதவர். "முக்கியத்துவம் தீர்மானிக்கப்படாத ஒற்றைக்குலப் புரத நிலை" என்று அதன் பெயரை நான் விளக்கியதும், "ஏம்மா, பேர் வச்சவங்களுக்கே தெரியலைன்னா நான் எதுக்குப் பயப்படணும்?" என்று சிரித்தார். அடுத்த ஆண்டும் வந்தார், அதற்கடுத்த ஆண்டும் வந்தார். கோடு அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. ஒவ்வொரு முறையும், "நம்ம கோடு சௌக்கியமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அவர் கேலி செய்த அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை எங்கு பேசினாலும் சொல்லிவருகிறேன். முன்பெல்லாம் இதைத் 'தீங்கற்றது' என்றே குறிப்பிட்டார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைல், 241 பேரைத் தொடர்ந்து கவனித்து 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தச் சொல்லை விட்டுவிட்டு இந்தத் தயக்கமான பெயரைச் சூட்டினார், சுருக்கமாக எம்.ஜி.யூ.எஸ். என்பார்கள். தீங்கற்றது என்று சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் உறக்கம் போய்விடும். இரண்டையும் சொல்லாமல் விட்டதுதான் சரி.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது? மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில், 50 வயதைக் கடந்த 21,463 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து, அதே கைல் குழுவினர் 2006-இல் விடை தந்தார்கள்: நூற்றுக்கு 3.2 பேர். 70 வயதைக் கடந்தவர்களில் 5.3 பேர், 85-ஐக் கடந்தவர்களில் 7.5 பேர். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அந்த மக்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கறுப்பின மக்களிடம் இது ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு காணப்படுகிறது.

ஆக, இது அரிய நிலையன்று. மல்டிபிள் மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோய்க்கு முன்னால் ஏறக்குறைய எப்போதும் இந்த நிலை இருந்திருக்கிறது என்பது மெய்யே. ஆனால் இந்த நிலை உள்ளவர்களில், மைலோமாவாகவோ அதைச் சார்ந்த வேறு நோயாகவோ மாறுவது ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். மீண்டும் சொல்கிறேன், ஆண்டுக்கு நூற்றில் ஒருவர். அந்த விகிதம் இருபது ஆண்டுகள் கழிந்தாலும் குறைவதில்லை என்பதால்தான் கண்காணிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலானோர் இதனோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் மறைகிறார்கள். அந்தப் பெரியவரும் இதயநோயால்தான் மறைந்தார்.

யாருக்கு ஆபத்து குறைவு என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் குறைவாக இருந்து, அது ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் வகையாகவும், இரத்தத்தில் தனித்துத் திரியும் இருவகை எதிர்ப்பொருள் துண்டுகளுக்கு இடையிலான 'இலேசுச் சங்கிலி விகிதம்' இயல்பாகவும் இருந்தால், இருபது ஆண்டுகளில் நோயாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காடு. மூன்றும் மாறுபட்டிருந்தால் 58 விழுக்காடு. விடாத எலும்பு வலி, இரத்தசோகை, சிறுநீரகக் குறைபாடு ஆகியவை தென்பட்டால் அடுத்த சோதனைக்கான தேதிவரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய அறிக்கையையும் கொண்டுசெல்லுங்கள். கோடு வளர்ந்திருக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். வணக்கம்.