டீனா அன்செல்மி: ஏழாவது பிரிவு

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியப் பெண்கள் 1946-இலேயே நாடு தழுவிய தேர்தலில் வாக்களித்துவிட்டார்கள். ஆனால் ஒரு பெண் அங்கே அமைச்சராக இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1976 ஜூலையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சராகப் பதவியேற்ற டீனா அன்செல்மிதான் அந்தப் பெண்.

வடகிழக்கே காஸ்தெல்ஃபிராங்கோ வெனெட்டோ என்ற ஊரில் 1927-இல் பிறந்தவர். பதினேழு வயதில் பக்கத்து ஊரான பஸ்ஸானோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1944 செப்டம்பர் 26. ஊரை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் படை, தன்னை எதிர்த்து மறைவாகப் போராடிய எதிர்ப்புப் படையினர் 31 பேரைப் பிடித்து வைத்திருந்தது. அவர்களைச் சாலையோர மரங்களில் தூக்கிலிட்டார்கள். மாணவர்களை வரவழைத்துக் கட்டாயமாகப் பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்கள் பயந்து அடங்கட்டும் என்பது கணக்கு. டீனா எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். 'கப்ரியெல்லா' என்று மறைபெயர். வேலை, சைக்கிளில் கடிதமும் கட்டளையும் கொண்டுபோவது. இளைஞன் ஒருவன் சாலையில் போனால் சோதனைச் சாவடியில் உடனே மடக்குவார்கள். சைக்கிளில் போகும் பெண்பிள்ளை மேல் அவ்வளவு சந்தேகம் விழாது. அதனால்தான் தூது வேலை பெரும்பாலும் பெண்களிடம் வந்தது. பிடிபட்டால் சித்திரவதைதான், அதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

போருக்குப் பிறகு ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில் வேலை. பிறகு ஆசிரியை. 1968-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1977 டிசம்பர் 9, சட்ட எண் 903. வேலையில் ஆணும் பெண்ணும் சமம் என்கிற சட்டம். ஒரு வரியில் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஆண்கள் தேவை' என்று பத்திரிகையில் விளம்பரம் போடுவதே குற்றம். கல்யாணமானவளா, கர்ப்பிணியா என்று பார்த்து வேலை மறுப்பதும் குற்றம். மறுத்தால் நீதிபதியிடம் மனு போடலாம். அவர் இரண்டே நாளில் இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, உடனே நடைமுறைக்கு வரும் உத்தரவு போட வேண்டும். இரண்டே நாள்! வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தால் வேலை தேடுகிறவளுக்கு அதனால் என்ன பயன்?

எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவது பிரிவு. அதற்கு முன்பு 1971-ஆம் வருஷச் சட்டப்படி, பிரசவத்துக்கு முன் இரண்டு மாதம், பின் மூன்று மாதம் தாய்க்குக் கட்டாய விடுப்பு. அது முடிந்ததும், குழந்தையின் முதல் வயதுக்குள், விரும்பினால் இன்னும் ஆறு மாதம், சம்பளத்தில் 30 சதவீதத்தோடு. அந்த ஆறு மாதத்தை அப்பாவும் எடுக்கலாம் என்று 1977-இல் எழுதினார்கள். கவனியுங்கள், 1977-இல்!

ஆனால் ஒரு சிக்கல். அது அப்பாவின் சொந்த உரிமை இல்லை. தாய் வேலைக்குப் போகிறவளாக இருந்து, தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பா தன் முதலாளியிடம் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நாளுக்குள் தாயின் முதலாளியிடமிருந்தும் ஒரு சான்று வாங்கித் தர வேண்டும். ஆக, ஒரு விடுப்புக்கு இரண்டு அலுவலகம். சம்பளமோ 30 சதவீதம். கூடுதலாகச் சம்பாதிப்பவர் ஆண் என்றால் வீட்டுக் கணக்கு எந்தப் பக்கம் சாயும்? தகப்பனுக்குத் தனி உரிமை வர 2000-ஆம் வருஷத்துச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கதவு திறந்தது ஏழாவது பிரிவில்தான். குழந்தை பார்ப்பது தாயின் வேலை மட்டும் இல்லை என்று அங்கேதான் அச்சில் ஏறியது.

1978-இல் சுகாதார அமைச்சர். அதுவரை மருத்துவச் செலவைத் தொழில்வாரியான காப்பு நிதிகள் பார்த்துக்கொண்டன. எந்த நிதியில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்து வைத்தியம். டிசம்பர் 23-ஆம் தேதி வந்த 833-ஆம் சட்டம் அவற்றுக்குப் பதில் எல்லோருக்கும் ஒரே தேசிய மருத்துவச் சேவையைக் கொண்டுவந்தது. இதற்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது, பி-2 என்ற ரகசிய அமைப்பின் விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1981 மார்ச்சில் அதன் தலைவர் லீச்சோ ஜெல்லியின் இடத்தில் நடந்த சோதனையில் 962 பெயர்கள் கொண்ட உறுப்பினர் பட்டியல் கிடைத்தது. அமைச்சர்கள், தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் எல்லாம் அதில். விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைவர் அன்செல்மி. அறிக்கை 1984-இல் வந்தது. அந்தப் பட்டியல் உண்மையானது, நம்பத்தக்கது என்றே அதில் எழுதினார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.