கமெண்ட்ல அசிங்கமா திட்டுறாங்க, அரசியல் எழுதறத விட்டுடவா அக்கா?

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி கேட்டது ரெண்டு நாளா மண்டையக் குடையுது. ஜர்னலிசம் முடிச்சு ஒரு வருஷம் ஆகுதாம், அரசியல் கட்டுரை எழுதுறாங்க, கட்டுரை வந்த அன்னிக்கே இன்பாக்ஸ் பூரா அசிங்க அசிங்கமா வருதாம், வீட்ல வேற வேலை பாருன்னு சொல்றாங்களாம், கண்டுக்காம விட்டா அடங்கிடுமா அக்கான்னு கேட்டிருக்காங்க.

அடங்காதும்மா. ராணா அயூப், மும்பைக்காரங்க, அமெரிக்காவோட வாஷிங்டன் போஸ்ட் பேப்பர்ல அரசியல் பத்தி எழுதினவங்க. 2018 ஏப்ரல்ல அவங்க சொல்லாத ஒண்ண சொன்னதா போலி ட்வீட் சுத்துச்சு, அப்புறம் அவங்க முகத்த ஒட்டி ஒரு ஆபாச வீடியோ, கூடவே போன் நம்பரையும் போட்டு விட்டாங்க. அடுத்த மாசமே ஐநா நிபுணர்கள் இவங்களுக்குப் பாதுகாப்பு குடுங்கன்னு இந்திய அரசைக் கேட்டாங்க. 2020ல யுனெஸ்கோ சார்பா எடுத்த சர்வேல பெண் பத்திரிகையாளர்கள்ல 73 சதவீதம் பேர் ஆன்லைன்ல வன்முறைய சந்திச்சிருக்கோம்னாங்க, 20 சதவீதம் பேருக்கு அது நேர்லயும் வந்திருக்கு. அதனால கண்டுக்காதன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஸ்கிரீன்ஷாட், ஸ்கிரீன்ஷாட்! பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஐடி, லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்து வைங்க. 2022 ஜனவரி 1, புல்லி பாய் ஆப்ல முஸ்லிம் பெண்கள் போட்டோவ ஏலம்னு போட்டாங்கள்ல, அதுல இருந்த இஸ்மத் ஆரா, இளம் பத்திரிகையாளர், தன் படம் இருந்த ஸ்கிரீன்ஷாட்ட வெளிய போட்டு அன்னிக்கே டெல்லி போலீஸ்ல புகார் குடுத்தாங்க. ஆப்ப தூக்கிட்டாங்க, ஆனா ஆதாரம் கையில இருந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள கைது நடந்துச்சு.

ஆனா தங்கச்சி, நீங்க விட்டுடவான்னு கேக்கறத விட, ஆபீஸ்ல எடிட்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நாளைக்கு எனக்கு மிரட்டல் வந்தா புகார் குடுக்க யார் கூட வருவீங்க, வக்கீல் செலவு யாரோடது?

நான் பத்திரிகை ஆபீஸ்ல, செய்திய எடிட் பண்ற டெஸ்க்ல இருந்தப்ப பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு, தேர்தல் சமயம், போனக் கவுத்து வெச்சிருப்பா, அது மேஜைல அதிர்ந்துட்டே இருக்கும், டிபன் பாக்ஸ் சாயங்காலம் வரைக்கும் திறக்காமயே கிடக்கும். மேல இருக்கறவங்க, கமெண்ட் படிக்காதம்மான்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன். அந்தக் கேள்விய அவளுக்காக நான் கேட்டிருக்கணும், கேக்கல. மூணே மாசத்துல ரிசைன் பண்ணிட்டா. கூட்டணிக் கணக்க அவள மாதிரி தெளிவா எழுதறவங்க அப்ப எங்க டெஸ்க்லயே கிடையாது.