ஓட்டே வாங்காமல் பதவி, தேர்தலே இல்லாமல் மறுபதவி: அமெரிக்க மண் பாதுகாப்பு வாரியங்களின் வினோத விதி

வணக்கம் நேயர்களே! ஒருவர் தேர்தலில் நிற்கவில்லை. ஒரு ஓட்டுகூட வாங்கவில்லை. ஆனால், மக்கள் ஓட்டுப் போட்டு நிரப்ப வேண்டிய பதவியில் உட்கார்ந்திருக்கிறார். பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் ஒரு ஓட்டு வாங்காமலே அதில் தொடரவும் அவருக்கு வழி இருக்கிறது. முறைகேடு என்று நினைக்காதீர்கள், எல்லாம் சட்டப்படிதான். இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். வெள்ளை மாளிகை இருக்கும் தலைநகரம் வேறு. நான் சொல்வது சியாட்டில் இருக்கும் மேற்குக் கரை மாநிலம்.

[திரையில்: புழுதிப் புயல், கறுப்பு வெள்ளைப் படம்]

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 1930களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பி, உள்ளூர் விவசாயிகளே நடத்தும் பாதுகாப்பு மாவட்டங்களை உருவாக்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் வட கரோலினாவில் பிரவுன் கிரீக் மாவட்டம் முதலாவதாகப் பிறந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 3,000 மாவட்டங்கள் இருக்கின்றன. வரலாறு அவ்வளவுதான், தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.

மாவட்டம் என்றதும் கலெக்டர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் அரிப்பைத் தடுப்பது, ஓடைக் கரையில் மரம் நடுவது, மாட்டுப் பண்ணைக் கழிவு ஆற்றில் கலக்காமல் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளுக்காகவே ஏற்பட்ட உள்ளாட்சி அமைப்பு இது. வாரியத்தில் பெரும்பாலும் ஐந்து பேர். மேற்பார்வையாளர்கள் என்று பெயர். பல இடங்களில் சம்பளம் கிடையாது.

இந்த ஐவரில் ஒருவர் இறந்துவிடுகிறார், அல்லது பண்ணையை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தை யார் நிரப்புவது? நமக்கு உடனே இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். ஆனால் சம்பளமே இல்லாத ஒரு பதவிக்காக வாக்குச்சாவடி திறப்பதற்கு அங்கே யாரும் தயாராக இல்லை. நியமனம்தான் வழி. அந்த நியமனத்தைச் செய்வது யார், அது எத்தனை நாள் செல்லும் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு.

வட கரோலினாவில் மாநில ஆணையம் நியமிக்கிறது. மின்னசோட்டாவில் வாரியமே ஒருவரை நியமிக்கிறது, ஆனால் அது தற்காலிகம். அடுத்த பொதுத் தேர்தல் முடிந்து வரும் ஜனவரியோடு அவர் காலம் முடிந்துவிடும். மீதிக் காலத்துக்கு யார் என்பதை மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தேர்தல் நெருங்கிய நேரத்தில் இடம் காலியானால் மட்டும் அதற்கடுத்த தேர்தல்வரை நீளும்.

இனி வாஷிங்டன். இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

[திரையில்: ஐந்து நாற்காலிகள், மூன்று பச்சை, இரண்டு சாம்பல்]

ஐந்து பேரில் மூவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரை மாநிலப் பாதுகாப்பு ஆணையம் நியமிக்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் நடுவில் விலகினால், எஞ்சிய மேற்பார்வையாளர்களே ஒருவரை நியமிக்கலாம் என்கிறது சட்டம். அதுவும் மீதமுள்ள முழுப் பதவிக்காலத்துக்கும்!

ஒரு பச்சை நாற்காலியை எடுத்துவிடுங்கள். மிச்சம் இரண்டு பச்சை, இரண்டு சாம்பல். அதாவது, மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவரை முடிவு செய்யும் நான்கு கைகளில் இரண்டு, மக்களிடம் ஓட்டே கேட்காத கைகள். இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. சரி, எப்படியோ ஒருவரை நியமித்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு பச்சை நாற்காலி காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேஜையைச் சுற்றி இருப்பவர்களை எண்ணுங்கள். சாம்பல் இருவர், நியமனத்தில் வந்தவர் ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒரே ஒருவர்! அடுத்தவரை இந்த நால்வர்தான் தேர்வு செய்வார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் என்ற பெயர்ப் பலகை மட்டும் அப்படியே தொங்கும்.

இன்னும் இருக்கிறது. மாநிலத் தேர்தல் விதிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. காலக்கெடுவுக்குள் பதவியில் இருப்பவர் மட்டுமே மனு தாக்கல் செய்திருந்தால், தேர்தல் நடத்தாமலே அவர் மீண்டும் தேர்வானதாகக் கொள்ளலாம். போட்டியின்றித் தேர்வாவது நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே அந்தப் பதவியில் இருப்பவரே நியமனத்தில் வந்தவராக இருக்கலாம் அல்லவா? போட்டியாளர்களும் எளிதில் வருவதில்லை. இந்தத் தேர்தல் நவம்பர் பொதுத் தேர்தலோடு சேர்ந்து நடப்பதில்லை, ஆண்டின் முதல் மாதங்களில் தனியாக நடக்கிறது. வாக்குப்பதிவு பல நேரங்களில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை.

இதில் சதி எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். சம்பளமில்லாத வேலைக்கு ஆள் கிடைப்பதே பாடு. தெரிந்த, நம்பகமான ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது மனித இயல்பு. ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவராகவே இருந்தால், சதி இல்லாமலே கதவு அடைபட்டுவிடும்.

அந்தக் கதவில் ஒரு ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். வாஷிங்டனின் திறந்த கூட்டச் சட்டப்படி, காலியிடத்துக்கு விண்ணப்பித்தவர்களின் தகுதியைப் பற்றி வாரியம் தனியறையில் பேசிக்கொள்ளலாம். ஆனால் நேர்காணலும் இறுதி வாக்கெடுப்பும் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். ரகசிய வாக்குக்கும் தடை. யார் யாருக்குக் கை தூக்கினார் என்று நேரிலேயே பார்க்கலாம். பக்கத்து மாநிலமான ஓரிகன் இன்னும் கறார். தேர்தல் பதவியின் காலியிடத்தை நிரப்புவது பற்றி மூடிய கூட்டம் நடத்தவே கூடாது.

சியாட்டில் பக்கம் இருக்கும் நம் நேயர்களே, உங்களைத்தான்! அந்த நகரம் கிங் பாதுகாப்பு மாவட்டத்துக்குள் வருகிறது. சொந்த வீடு இருந்தால் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், இதற்கென்று ஒரு சிறு கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பணம் கட்டுகிறவர் கூட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். வாரியத்தில் இடம் காலி என்று அறிவிப்பு வந்தால் விண்ணப்பித்தும் பாருங்கள். நியமனம் கிடைத்தால் உங்களைப் பேட்டி எடுக்க நான் தயார்.

மின்னசோட்டா போல அடுத்த தேர்தல்வரை மட்டுமா, வாஷிங்டன் போல மீதிக் காலம் முழுவதுமா? என் ஓட்டு மின்னசோட்டாவுக்கு. உங்கள் ஓட்டைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். அங்கே ரகசிய வாக்கு வசதி கிடையாது.