மதகும் நண்டு வளையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ வாழ்வில் இச்சையடக்கம் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

கலாத்தியர் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று பவுல் ஒன்பதைச் சொல்கிறார். அன்பு முதலாவது, இது ஒன்பதாவது. பழைய மொழிபெயர்ப்பில் 'இச்சையடக்கம்'. கத்தோலிக்க ஆலயங்களில் இன்று வாசிக்கும் மொழிபெயர்ப்பில் 'தன்னடக்கம்'. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'என்கிராத்தெயா'. அதற்குள் இருக்கும் 'கிராத்தோஸ்' என்பதற்கு வலிமை, ஆளுகை என்று பொருள். தன்மேல் தனக்கு ஆளுகை, அவ்வளவுதான்.

ஆனால் 'அடக்கம்' என்றதும் நம் காதில் இன்னொன்றும் கேட்கிறதே. "நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்" என்று கோயில் மணி அடித்துச் சொல்வார்களே, அது. பலர் இச்சையையும் அப்படித்தான் நடத்துகிறார்கள். குழி தோண்டி, மண்ணைத் தள்ளி, ஒரு ஜெபத்தையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புதைத்தது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

பசி, கோபம், ஆசை எல்லாம் ஓடுகிற தண்ணீர். அதைப் புதைக்க முடியாது. டெல்டாக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். கரிகாலன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த அணை தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணையா? இல்லை. தேக்குவது மேட்டூர், 120 அடி. கல்லணை செய்வது மதகுகளைத் திறந்தும் மூடியும் பிரித்துவிடுகிற வேலை. பாசனத்துக்கு வேண்டியது காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் போகிறது, மிஞ்சியது கொள்ளிடத்தில் போகிறது. போக வழி இல்லாத தண்ணீர் கரையை உடைக்கும். வழி இருந்தால் அதே தண்ணீர் நெல்லாகும்.

மத்தேயு 12இல் இயேசு சொன்ன காலி வீட்டை இதோடு சேர்த்துப் பாருங்கள். அசுத்த ஆவி போய்விட்டது, வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் உள்ளே யாரும் குடியில்லை. போனது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஒன்றை விடுகிறவர் அந்த இடத்தில் எதைக் குடிவைக்கப்போகிறார் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். மாலை ஆறு மணிக் கடைத்தெருவை விட்டால் அந்த ஆறு மணிக்கு என்ன? பதில் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் பத்து நாள் தாங்காது.

அடுத்தது காலம். மேட்டூர் திறப்பது ஜூன் 12 என்றால் வாய்க்கால் தூர்வாருவது எப்போது? ஏப்ரல், மே. (தண்ணீர் வந்த பிறகு பொக்லைன் இறங்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம், அது வேறு கதை.) மனசு விஷயத்தில் நாம் எல்லோருமே தண்ணீர் வந்த பிறகு தூர்வாருகிறவர்கள்தான். கோபம் தலைக்கேறிய பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறோம். வேலை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இருந்தது.

எப்படிச் செய்வது? ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை எடுத்தால் நான்கும் போகும். ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள், போதும். எத்தனை மணி, எந்த இடம், பக்கத்தில் யார், அதற்கு முன் என்ன நடந்தது. வீட்டில் கத்துகிற ஒருவருடைய நோட்டு எப்படியிருக்கும் என்று பாருங்கள். திங்கள் இரவு 7.40, அடுப்படி வாசல், பையன். புதன் 8 மணி, அதே இடம், மனைவி. வெள்ளி 7.50, அதே வாசல், மறுபடி பையன். ஆள் மாறுகிறது, இடமும் நேரமும் மாறவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டவர், வேலை முடிந்து பசியோடு அந்த வாசலில் வந்து நிற்கிறார். அவருடைய மதகு 7.40இல் இல்லை. ஆறு மணியில் இருக்கிறது, ஒரு கை சுண்டலில் இருக்கிறது.

இதென்ன ஆவிக்குரிய காரியமா என்று கேட்கலாம். சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். அடையும் தண்ணீரும் வைத்திருந்தது. இரண்டு தரம் சாப்பிட்ட பிறகுதான் மலைக்குப் பயணம்.

நோட்டு எழுதுவது புதிதும் அல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வைத்தார். காலையில் அந்த ஒரு குறையை நினைத்துக்கொள்வது, மதியமும் இரவும் எத்தனை தரம் விழுந்தோம் என்று எண்ணிப் புள்ளி வைப்பது. நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவது. விழுந்த அந்தக் கணமே கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார். கூட்டத்துக்கு நடுவிலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

நண்டு வளையைச் சொல்லாமல் விட முடியாது. வரப்பு ஒரே நாளில் உடைவதில்லை. விரல் நுழைகிற வளையில் தண்ணீர் கசியும், விடிந்தால் பக்கத்து வயலில் நிற்கும். வரப்போரம் அண்டை வெட்டிச் சேறு பூசுகிறவர் வளையைத்தான் தேடுகிறார். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்பது வளை. "ஏற்கெனவே விழுந்தாச்சு, இனி என்ன" என்பது அதைவிடப் பெரிய வளை. முதலாவது ஒரு மடக்கு, இரண்டாவது ஒரு பாட்டில்.

தவக்காலத்தில், லெந்து என்பவர்களுக்கு லெந்தில், நடக்கிற தப்பு ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்தவர், அதன் முதல் நாளான சாம்பல் புதனன்று ஒரேயடியாக நிறுத்துவார். ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும், இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். டீ அடங்கியது, வாய் அடங்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் திட்டு. பத்து நாள் முன்பே ஐந்தை நான்காக்கி, மூன்றாக்கி வந்திருந்தால் இந்த வம்பு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது.

தஞ்சாவூரில் நின்றுகொண்டு சுவார்ட்ஸ் ஐயரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி, 1798இல் தஞ்சையில் இறந்தார். ஹைதர் அலியின் படை வந்த அந்தப் பஞ்சக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்குக் காசு வரவில்லை, அதுதான் காரணம். ராஜாவின் வாக்குக்கும் மதிப்பில்லை, கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, வாக்குக்கும் மதிப்பில்லை. கடைசியில் சுவார்ட்ஸைக் கேட்டார்கள். அவர், பணத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதி அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, நெல் கோட்டைக்குள் ஏறியது. சொன்னபடி பணமும் போய்ச் சேர்ந்தது. கவனியுங்கள், அந்த மூன்று நாளில் அவர் எந்த இச்சையையும் அடக்கவில்லை. முப்பது வருஷம் சோறும் காய்கறியுமாகச் சாப்பிட்டு, கைக்கு வந்த பணத்தில் கை வைக்காமல் இருந்ததை உழவர்கள் பார்த்திருந்தார்கள். மறுபடி சொல்கிறேன், வெள்ளம் வந்த அன்று செய்த வேலை அல்ல அது. மே மாதத்து வேலை.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குடியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். தினமும் அதிகமாகக் குடித்தவரை, கூட்டத்தில் ஜெபித்து அன்றே நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் கை நடுக்கம், வலிப்பு. இரண்டு மூன்று நாளில் பிதற்றல், காய்ச்சல். உயிர் போகலாம். இதை விசுவாசக் குறைவு என்று பேசாதீர்கள். ஜெபம் செய்யுங்கள், மருத்துவமனையில் சேர்த்து நிறுத்துங்கள், இரண்டும். கைபேசிக்குத் தனியாகவே எழுதி வந்திருந்தேன், நேரமில்லை. இன்று இரவு சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டிவிடுங்கள், அதிலிருந்து தொடங்கலாம். வணக்கம்.