குடத்தின் எடை

அவையோருக்கு வணக்கம். 2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன அந்த ஜூன் மாதத்தில், நான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறும் கைவிரித்துவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, முதன்முறையாக, கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு ஒரு குடம் தண்ணீரைச் சுமந்து ஏறினேன். 15 லிட்டர் தண்ணீரின் எடை 15 கிலோ என்பது பள்ளியில் படித்த கணக்குதான். என் முழங்கால்கள் அதைப் படித்தது அன்றைக்குத்தான்.

வீட்டு வளாகத்திலேயே தண்ணீர் வசதி இல்லாமல் உலகில் ஏறத்தாழ 180 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்றும், அத்தகைய பத்து வீடுகளில் ஏழில் தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலையாகவே இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இதுபோன்ற எண்களை 2019க்கு முன்பே மேடைகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியவன் நான். கழிவறையில் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் அரைக்குடம் போய்விடுகிறதே என்று படிக்கட்டை நினைத்துத் தயங்கி நின்றபோதுதான், அந்த எண்களுக்குள் ஆட்கள் இருப்பது எனக்கு உறைத்தது.

ஆயினும் அவர்களுடைய வாழ்க்கையை நான் வாழ்ந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். என் துன்பத்துக்கு முடிவு இருந்தது. மூன்றாவது வாரத்தில் பணம் திரட்டி லாரித் தண்ணீர் வாங்கினோம். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் இதுவே நடந்தது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று நகராட்சி வரம்பு விதித்தபோது, நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள் திகைத்தார்கள். வசதியுள்ளோர் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டார்கள். கயலிட்ஷா போன்ற பகுதிகளின் தகரக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கோ, பொதுக்குழாயில் வரிசையில் நிற்பது அந்த ஆண்டில் தொடங்கிய வழக்கமல்ல. நகரின் முறைசாராக் குடியிருப்புகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்திய தண்ணீர், மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பஞ்சத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இழப்பு கண்ணைத் திறக்கிறது என்பது உண்மைதான். பணம் அதை விரைவில் மூடியும் விடுகிறது. அதைவிட என்னை உறுத்துவது, இழந்த வசதியை நாம் எங்கிருந்து மீட்கிறோம் என்பது. 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அது புறப்பட்டு வந்த வட்டாரமும் தண்ணீருக்குத் தவித்த வட்டாரம்தான். அங்கிருந்து எழுந்த எதிர்ப்பு சென்னைக்காரர்களின் காதில் அதிகம் விழவில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வயல் கிணறுகளிலிருந்தும் லாரிகள் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டு வந்தன.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருநாள், நமக்கு வரும் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டேன். லாரிக்கு என்ன விலை என்பதைச் சிலர் ரூபாய் பிசகாமல் சொன்னார்கள். ஊரின் பெயர் என்னையும் சேர்த்து ஒருவருக்கும் தெரியவில்லை.